தேங்க்ஸ்கிவிங் வான்கோழி விருந்து: நம் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகள் கிண்டர்கார்டன் படித்த வருடம், உள்ளங்கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, கட்டைவிரலைத் தலையாகவும் மற்ற நான்கு விரல்களையும் தோகையாகவும் வண்ணமடித்து ஒரு வான்கோழியைக் கொண்டுவந்தாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, "நம்ம வீட்ல எப்பம்மா டர்க்கி?" என்றாள். அமெரிக்காவில் உள்ள பல தமிழ் வீடுகளுக்குள் இந்தப் பறவை நுழைந்தது இப்படித்தான். நியூ ஜெர்சியில் அதன்பிறகு பதினொரு நவம்பர் போய்விட்டது. அக்டோபர் கடைசியானால் தோழிகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் கேள்விகள் வரத் தொடங்கும். வருடா வருடம் ஏறக்குறைய அதே கேள்விகள். அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன்.

எல்லாக் கணக்கும் 14 பவுண்டுப் பறவைக்கு, அதாவது ஆறரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில், இங்குள்ள ஓவன்களில் இருப்பதுபோல.

இந்தப் பண்டிகை என்றைக்கு வருகிறது, எதற்காக?

அறுவடைக்கு நன்றி சொல்லும் பண்டிகை இது. அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழன். கனடாவில் அக்டோபரின் இரண்டாவது திங்கள். 1621 இலையுதிர் காலத்தில், இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயர்களும் வாம்பனோவாக் பழங்குடியினரும் சேர்ந்து உண்ட அறுவடை விருந்தைத்தான் பள்ளிகளில் கதையாகச் சொல்கிறார்கள். அந்த விருந்தைப் பற்றி, குடியேறியவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் பறவை வேட்டைக்கு ஆள் அனுப்பியதும், வாம்பனோவாக்குகள் ஐந்து மான்களைக் கொண்டுவந்ததும் இருக்கிறது. வான்கோழி என்ற பெயர் அதில் இல்லை. சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியை இதைத் தேசிய விழாவாக்கச் சொல்லிப் பல வருடம் விடாமல் எழுதி வற்புறுத்தி வந்தார். 1863இல், உள்நாட்டுப் போரின் நடுவே, ஆபிரகாம் லிங்கன் இதைத் தேசிய அளவில் அறிவித்தார். நான்காவது வியாழன் என்று சட்டமானது 1941இல்.

பழங்குடியினரில் பலருக்கு இது கொண்டாட்ட நாள் இல்லை. 1970 முதல் பிளிமத்தில் அதே வியாழக்கிழமை துக்க நாளாகக் கூடுகிறார்கள். பிள்ளைகள் பெரியவர்களானதும் இதையும் கேட்பார்கள், பதில் வைத்திருங்கள்.

வியாழக்கிழமை எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. போதாததற்குக் கார்த்திகை மாதம் வேறு. என்ன செய்வது?

சமையல் புத்தகம் எதிலும் இதற்குப் பதில் கிடைக்காது. ஆனால் என்னிடம் அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். இந்த வியாழன் எப்போதும் நவம்பர் 22க்கும் 28க்கும் இடையில் விழும், ஆகவே கார்த்திகைக்குத் தப்பவே முடியாது. ஐயப்பனுக்கு மாலை போட்டவர் வீட்டில் இருந்தால் அந்த வருடம் வான்கோழி வேண்டாம். ஓவனுக்குப் பூட்டா போட முடியும்? வியாழன் மட்டும்தான் சிக்கல் என்றால் விருந்தை வெள்ளிக்கோ சனிக்கோ தள்ளிவிடுங்கள். அலுவலகங்கள் பலவற்றில் வெள்ளியும் விடுமுறைதான். வெள்ளியும் ஆகாது என்பவர்களுக்குச் சனி. எங்கள் வீட்டில் மாமியார் வந்திருந்த இரண்டு வருடமும் சனிக்கிழமைதான் வைத்தோம். வெளியூர் நண்பர்களுக்கும் அது வசதியாகப் போய்விட்டது, ஏனென்றால் வியாழன் அன்று எல்லோருக்கும் வேறு யாராவது வீட்டில் அழைப்பு இருக்கும்.

எத்தனை பேருக்கு எவ்வளவு பெரிய பறவை?

இங்கே சொல்லும் கணக்கு தலைக்கு ஒன்று முதல் ஒன்றரை பவுண்டு, எலும்போடு சேர்த்து. நம் வீட்டுக் கூட்டத்துக்கு ஒரு பவுண்டே தாராளம். எப்படியும் யாராவது ஒருவர் பிரியாணி கொண்டுவருவார், குழந்தைகள் இரண்டு துண்டோடு எழுந்துவிடுவார்கள், "எனக்குக் கொஞ்சமா போதும்" என்று நான்கு அத்தைகள் சொல்வார்கள். பன்னிரண்டு பேருக்கு 14 பவுண்டு வாங்கினால் மறுநாளுக்கும் மிஞ்சும்.

ஆறு பேருக்குக் குறைவாக இருந்தால் முழுப் பறவையை வாங்காதீர்கள். எலும்போடு கூடிய நெஞ்சுப் பகுதி மட்டும் ஆறேழு பவுண்டில் தனியாகக் கிடைக்கும். படத்தில் முழுப் பறவை வேண்டும் என்பதற்காகக் கஷ்டப்பட வேண்டாம். இருபது பேருக்கு மேல் என்றால் ஒரு பெரியதைவிட இரண்டு சிறியவை மேல்; இருபத்தி நான்கு பவுண்டைச் சின்ன அடுப்படியில் தூக்கித் திருப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் காரணம் புரியும்.

வாங்கும்போதே இன்னொரு வேலை: அந்த ட்ரே உங்கள் ஓவனுக்குள் போய்க் கதவு மூடுகிறதா என்று வெறும் ட்ரேயை வைத்துப் பாருங்கள். அபார்ட்மென்ட் ஓவன்கள் சில குறுகலானவை. மேல் தட்டைக் கழற்றிவிட்டுக் கீழ்த் தட்டில்தான் வைக்க வேண்டும்.

கடையில் லேபிளில் ஏதேதோ எழுதியிருக்கிறதே, எதைப் பார்ப்பது?

ஒன்றே ஒன்றை அவசியம் பாருங்கள்: உப்புக் கரைசல் செலுத்தப்பட்டது என்று சின்ன எழுத்தில், சதவீதத்தோடு போட்டிருக்கும். விலை குறைந்த உறைந்த பறவைகளில் பெரும்பாலானவை அப்படித்தான். அதற்கு நீங்கள் மறுபடி உப்புத் தடவி ஊறவைத்தால் வாயில் வைக்க முடியாது. யூத முறைப்படி வெட்டப்பட்ட கோஷர் பறவையும் ஏற்கெனவே உப்பிடப்பட்டதே. ஹலால் வேண்டும் என்றால் ஹலால் இறைச்சிக் கடையில் இரண்டு மூன்று வாரம் முன்பே சொல்லி வையுங்கள், கடைசி வாரம் போனால் கிடைக்காது.

"ஹார்மோன் இல்லாதது" என்று பெரிதாக எழுதியிருப்பதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் கோழி, வான்கோழி எதற்குமே ஹார்மோன் கொடுக்கச் சட்டத்தில் அனுமதி இல்லை. பல மளிகைக் கடைகளில், முந்தைய சில வாரங்களில் இவ்வளவு டாலருக்குச் சாமான் வாங்கியிருந்தால் உறைந்த வான்கோழி இலவசம் என்று ஒரு திட்டம் இருக்கும். அந்தப் பறவையும் நன்றாகத்தான் இருக்கிறது.

உறைந்த பறவையை எப்போது வெளியே எடுக்க வேண்டும்?

சனிக்கிழமை இரவு. ஃபிரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டும். அடுப்பு மேடையில் அல்ல. வியாழக்கிழமை விருந்து எப்படி இருக்கும் என்பது சனிக்கிழமை ராத்திரியே பாதி முடிவாகிவிடுகிறது.

கணக்கு இதுதான்: ஃபிரிட்ஜுக்குள் நான்கைந்து பவுண்டு உருக ஒரு நாள் ஆகும். 14 பவுண்டுக்கு ஏறக்குறைய மூன்று நாள். சனி இரவு வைத்தால் செவ்வாய் இரவு தயாராக இருக்கும். உருகிய பிறகும் ஒன்றிரண்டு நாள் ஃபிரிட்ஜில் தாங்கும், அதனால் சீக்கிரம் எடுத்துவிட்டோமே என்ற பயம் வேண்டாம். பாலித்தீன் உறை அப்படியே இருக்கட்டும். அடியில் விளிம்புள்ள ட்ரே ஒன்று வையுங்கள், தண்ணீர் கசியும். ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள், அதற்குமேல் தயிரும் கீரையும் இருக்கலாம், கீழே இருக்கக் கூடாது.

சனிக்கிழமை ஃபிரிட்ஜில் இடம் எங்கே என்கிறீர்களா? இட்லி மாவுப் பாத்திரத்தைத்தான் வெளியேற்ற வேண்டும். அந்த வாரம் மாவு அரைக்காதீர்கள்.

வெளியே மேடையில் வைத்து உருக்குவது ஏன் கூடாது என்றால், உள்ளே ஐஸாக இருக்கும்போதே மேல்தோல் அறைச் சூட்டுக்கு வந்துவிடும். நாற்பது டிகிரிக்கும் நூற்று நாற்பதுக்கும் இடையில்தான் கிருமிகள் மளமளவென்று பெருகும்.

வியாழன் காலை தொட்டுப் பார்த்தால் இன்னும் கல்லாக இருக்கிறது! இப்போது?

பதறாதீர்கள். பாதிதான் உருகியிருக்கிறது என்றால் உறையோடு குளிர்ந்த தண்ணீரில் முழுக மூழ்க வையுங்கள். பவுண்டுக்கு அரைமணி நேரம், அரைமணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். வெந்நீர் கூடாது. முழுதும் உறைந்த 14 பவுண்டுக்கு இந்த வழியில் ஏழு மணி நேரம் ஆகும், அதற்குள் விருந்தாளிகள் வந்து நிற்பார்கள்.

அப்படியானால் உறைந்த நிலையிலேயே ஓவனில் வைத்துவிடலாம். பலருக்கு இது தெரியாது. அமெரிக்க வேளாண் துறையே ஒப்புக்கொண்ட வழிதான். வழக்கமான நேரத்தைவிடக் குறைந்தது பாதி நேரம் கூட ஆகும், அவ்வளவே. உப்பும் மசாலாவும் முதல் ஒன்றரை மணி நேரம் கழித்து, மேற்பரப்பு இளகிய பிறகு. உள்ளே இருக்கும் பையையும் அப்போது இடுக்கியால் இழுத்துவிடலாம். சாப்பாட்டு நேரத்தை ஏழு மணிக்குத் தள்ளிவிட்டு, வந்தவர்களுக்கு முதலில் பஜ்ஜி போட்டுக் கொடுங்கள்.

மஞ்சள் போட்டுக் கழுவ வேண்டாமா?

"ஏண்டி, கறியக் கழுவாம அப்படியே வெக்கிறியே, யாரு சாப்பிடுவா?" என்று திண்டுக்கல்லிலிருந்து வீடியோ காலில் என் அம்மா. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அம்மா பேச்சைக் கேட்பதில்லை. ஊரில் கழுவுவது முற்றத்தில், இரத்தமும் இறகும் ஒட்டியிருந்த கறியை. இங்கே சிங்க்கில் ஆறு கிலோப் பறவையின்மேல் குழாயைத் திறந்தால் தண்ணீர் தெறிக்கும், அதிலுள்ள சால்மொனெல்லா பக்கத்தில் நறுக்கி வைத்த கொத்தமல்லிவரை போகும். கழுவுவதால் கிருமி சாகாது, 165 டிகிரிச் சூடுதான் கொல்லும். காகிதத் துண்டால் உள்ளும் புறமும் ஒற்றி எடுத்தால் போதும். வாடைதான் கவலை என்றால் உப்புத் தடவும்போது கால் ஸ்பூன் மஞ்சள் தூளும் எலுமிச்சைத் தோல் துருவலும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் மஞ்சள் போட்டதாகச் சொல்லலாம், பொய்யில்லை.

உள்ளே ஒரு பை இருக்கும் என்கிறார்களே?

இரண்டு இடத்தில் தேடுங்கள். வயிற்றுக்குள் கழுத்து எலும்பும், கழுத்துப் பக்கத் தோல் மடிப்புக்குள் ஈரல், இதயம், இரைப்பை அடங்கிய சின்னப் பையும் இருக்கும். சில பறவைகளில் இடம் மாறியிருக்கும். முதல் வருடம் ஒன்றை எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன், மற்றொன்று வெந்து மேசைக்கே வந்தது. காகிதப் பை என்பதால் பிழைத்தோம். பிளாஸ்டிக்காக இருந்து உருகியிருந்தால் கறியையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கழுத்தும் இரைப்பையும் இதயமும் புதன்கிழமை சூப்புத் தண்ணீருக்கு. ஈரலை அதில் போடாதீர்கள், கசக்கும். சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப் போட்டு ஈரல் வறுவல் செய்தால் ஒரு ஆள் சாப்பிடலாம். அந்த ஆள் சமைப்பவர்.

நம் மசாலாவைத் தடவலாமா?

தடவலாம், ஆனால் நான் செய்ததுபோல அல்ல. இரண்டாம் வருடம் தயிர், காஷ்மீரி மிளகாய்த்தூள், கரம் மசாலா, இஞ்சி பூண்டு விழுது எல்லாம் குழைத்துப் பறவைமேல் ஒரு இன்ச் கனத்துக்குப் பூசினேன். இரண்டாவது மணி நேரத்தில் மேலே கரி. புகை அலாரம் அடித்தது, கணவர் துண்டை வீசிக்கொண்டு நின்றார். வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று, உப்பு உறைப்பு எதுவும் ஏறாமல். விருந்துக்கு வந்திருந்த நாத்தனார் வீட்டுக்காரர் மரியாதையாக மென்றுவிட்டுக் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு. குழம்பு எங்கம்மா?"

பிறகுதான் புரிந்தது. தந்தூரிக் கோழி சின்னது, தோல் நீக்கியது, கீறலிட்டது. கொஞ்ச நேரத்தில் வெந்துவிடும். இது மூன்றரை மணி நேரம் ஓவனில் கிடக்கும், தோல் ஒரு மழைக்கோட்டுபோல மூடியிருக்கும். மேலே பூசினால் கருகும், உள்ளே போகாது. உப்புதான் உள்ளே போகும், அதுவும் நேரம் கொடுத்தால். ஆகவே இரண்டு கட்டமாகச் செய்கிறேன்.

செவ்வாய் இரவு உப்பு. கல் உப்புபோல இருக்கும் கோஷர் உப்பு என்றால் ஐந்து பவுண்டுக்கு ஒரு டேபிள்ஸ்பூன், 14 பவுண்டுக்கு மூன்று. நாம் தினமும் போடும் தூள் உப்பு என்றால் அதில் பாதி. உள்ளும் புறமும் தேய்த்து, மூடாமல், ட்ரேயில் வைத்து ஃபிரிட்ஜில். புதன் முழுக்க அப்படியே இருக்கட்டும். தோல் காய்ந்து கண்ணாடித் தாள்போல ஆகிவிடும், பார்க்க நன்றாக இருக்காது. அப்படிக் காய்ந்தால்தான் ஓவனில் மொறுமொறுப்பாகும்.

வியாழன் காலை மசாலா வெண்ணெய். உப்பில்லாத வெண்ணெய் ஒரு ஸ்டிக் (அரை கப்), தட்டிய மிளகு இரண்டு ஸ்பூன், வறுத்துப் பொடித்த சோம்பு ஒரு ஸ்பூன், எட்டுப் பல் பூண்டு நசுக்கியது, பொடியாக நறுக்கிய கறிவேப்பிலை ஒரு கைப்பிடி. நெஞ்சின் கீழ்முனையில் தோலுக்கும் சதைக்கும் நடுவே விரலை நுழைத்து மெதுவாகத் தளர்த்துங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரத்தைக் கழற்றியிருக்க வேண்டும். தோல் கிழியாமல் உள்ளங்கை முழுதும் போகும். அந்தப் பைக்குள் வெண்ணெயில் முக்கால் பங்கை வைத்து வெளியிலிருந்து தடவித் தடவிப் பரப்புங்கள். மீதியை வெளித்தோலில் பூசுங்கள். தோல் காப்பதால் பூண்டும் கறிவேப்பிலையும் கருகாது. மிளகாய்த்தூள் வேண்டவே வேண்டும் என்பவர்கள் கிரேவியில் போட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு நேரம் வேக வேண்டும்? வெந்துவிட்டதென்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓவனை 325 டிகிரியில் சூடாக்கி வைத்தால், உள்ளே எதுவும் அடைக்காத 14 பவுண்டுக்கு மூன்றரை முதல் மூன்றே முக்கால் மணி நேரம். ஆனால் கடிகாரத்தை நம்பாதீர்கள். பதினைந்து டாலர் கொடுத்து ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். இந்த விருந்துக்குப் புதிதாக ஒரே ஒரு பொருள்தான் வாங்குவீர்கள் என்றால் அது அதுவாக இருக்கட்டும். பறவையின் நெஞ்சில் குத்தி வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஊசி வெந்ததும் மேலே எழும்பும் என்பார்கள். அது எழும்புவதற்குள் நெஞ்சுக்கறி பஞ்சாகிவிடும் வாய்ப்பு அதிகம்.

சிக்கல் இதுதான்: ஒரே பறவையில் இரண்டு வகைக் கறி. நெஞ்சில் கொழுப்பே இல்லை, 165க்கு மேல் போகப்போக வறண்டுவிடும். காலும் தொடையும் நாள் முழுக்க நடந்த தசை, 175 வந்தால்தான் பல்லுக்கு இதமாக இருக்கும். நெஞ்சைக் காப்பாற்ற இரண்டாவது மணி நேரத்துக்குப் பிறகு நெஞ்சின்மேல் மட்டும் அலுமினியத் தாளைக் கூடாரம்போலப் போர்த்துங்கள். மூன்றாவது மணியிலிருந்து அளக்கத் தொடங்குங்கள். தொடையின் உட்புறம், இறக்கை சேரும் இடம், நெஞ்சின் தடித்த பகுதி, மூன்றிலும் எலும்பைத் தொடாமல் ஊசியை இறக்குங்கள். எல்லா இடத்திலும் குறைந்தது 165 வந்து, தொடையில் 175 காட்டினால் எடுத்துவிடலாம். எலும்போரம் இளஞ்சிவப்பு தெரிந்தால் "வேகல" என்று யாராவது சொல்வார்கள். நிறம் ஏமாற்றும், ஊசி சொல்வதை நம்புங்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து வெண்ணெய் ஊற்றுவதெல்லாம் வேண்டாம். திறக்கத் திறக்கச் சூடு போகும், நேரம் நீளும், ஊற்றியது தோலிலிருந்து வழிந்துதான் போகும். அடி ட்ரேயில் ஒரு கப் தண்ணீர் ஊற்றி வைத்தால் சொட்டும் கொழுப்பு புகையாது.

மூன்றரை மணி நேரம் அதிகம் என்று தோன்றினால் கடையிலேயே முதுகெலும்பை வெட்டி எடுத்துத் தரச் சொல்லுங்கள். புத்தகம்போல விரித்து, நெஞ்சு மேலே இருக்கும்படி அழுத்திப் படுக்க வைத்து, 425 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். எல்லாப் பக்கமும் ஒரே சீராக வேகும். பார்க்கத் தவளைபோல இருக்கும். ருசி முழுப் பறவையைவிட மேல் என்பது என் கட்சி. படம் எடுப்பவர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

ஒரே ஓவன்தான் இருக்கிறது. மற்ற பதார்த்தங்களை எப்போது செய்வது?

பறவையை வெளியே எடுத்ததும் உடனே வெட்டக் கூடாது, நாற்பது நிமிடம் சும்மா விட வேண்டும். சாறு கறிக்குள்ளேயே தங்கும். அந்த நாற்பது நிமிடம் ஓவன் காலியாக இருக்கிறது அல்லவா, மற்றதெல்லாம் அப்போதுதான். நான்கு மணிச் சாப்பாட்டுக்கு என் கணக்கு: காலை 11 மணிக்குப் பறவை உள்ளே, இரண்டே முக்கால் வாக்கில் வெளியே, ஓவனை 375க்கு ஏற்றி, பீன்ஸ் கேஸரோலும் (ட்ரேயில் சுடும் பீன்ஸ் பதார்த்தம்), ஸ்டஃபிங்கும் (ரொட்டித் துண்டுகளில் மசாலா சேர்த்த கலவை), சர்க்கரைவள்ளிக்கிழங்கும் உள்ளே, மூன்றரைக்கு வெட்ட ஆரம்பம். பை (pie என்ற இனிப்புப் பண்டம்), கிரான்பெரி சாஸ், சூப்புத் தண்ணீர் மூன்றும் புதன்கிழமையே முடிந்திருக்க வேண்டும். மசித்த உருளைக்கிழங்கு குக்கரில் மூன்று விசில். இங்கே இருபது நிமிடம் கொதிக்க வைக்கும் வேலை நமக்கு இல்லை.

ஸ்டஃபிங்கைப் பறவைக்குள்ளேயே அடைக்கலாமா?

வேண்டாம். அதன் நடுப்பகுதியும் 165 டிகிரி வர வேண்டும், அதற்குள் நெஞ்சுக்கறி போய்விடும். தனி ட்ரேயில் வைத்தால் மேலே மொறுமொறுப்பும் கிடைக்கும், சைவர்களும் சாப்பிடலாம்.

கிரேவி கட்டியாகிவிடுகிறதே?

"குழம்பு எங்கே" என்ற கேள்விக்குப் பிறகு எந்தக் குறிப்பிலும் சொல்வதைப்போல இரண்டு மடங்கு கிரேவி வைக்கிறேன். நம்மவர்களுக்குத் தட்டில் ஏதாவது ஓட வேண்டும். ட்ரேயில் தங்கிய சாற்றை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, மேலே மிதக்கும் கொழுப்பை மட்டும் ஆறு டேபிள்ஸ்பூன் எடுத்து வாணலியில் விடுங்கள். அதே அளவு மைதாவைப் போட்டுச் சிறு தீயில் பச்சை வாடை போய் பிஸ்கட் நிறம் வரும்வரை வறுக்க வேண்டும். புதன்கிழமைச் சூப்புத் தண்ணீரையும் ட்ரேச் சாற்றையும் சேர்த்து நான்கு கப், கரண்டி கரண்டியாக ஊற்றிக் கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால்தான் கட்டி தட்டும். தட்டிவிட்டால் டீ வடிகட்டியில் வடித்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது. உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள், ட்ரேச் சாறு ஏற்கெனவே உப்பு. நான் தாராளமாக மிளகு தட்டிப் போடுவேன்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன?

மசித்த உருளைக்கிழங்கையும் சாலட்டையும் காட்டி "இதெல்லாம் வெஜ்தான்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அவர்களுக்கும் நடுவில் ஒரு பெரிய பதார்த்தம் வேண்டும். முழுக் காலிஃபிளவரை உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, தயிர் மசாலா பூசி ஓவனில் வைத்தால் மேசையில் வான்கோழிக்குச் சமமாக உட்காரும். தயிர் மசாலாவுக்கு அதுதான் சரியான இடம்.

கவனிக்க வேண்டியவை வேறு இடத்தில் ஒளிந்திருக்கின்றன. சர்க்கரைவள்ளிக்கிழங்கின்மேல் போடும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கிறது, அது விலங்கின் எலும்பு, தோலிலிருந்து வருவது. வூஸ்டர்ஷையர் சாஸில் நெத்திலி வகை மீன். கடையில் வாங்கும் பை மாவில் சில சமயம் பன்றிக் கொழுப்பு. ஸ்டஃபிங் பாக்கெட்டில் கோழிச் சாறு. லேபிளைப் படித்துவிடுங்கள், பெரியவர்கள் சாப்பிட்டு முடித்தபின் தெரியவந்தால் அந்த வருத்தம் வருடக்கணக்கில் இருக்கும். சைவத்தைப் புதன்கிழமையே ஓவனில் செய்து எடுத்துவிட்டு, தனிக் கரண்டியோடு தனி மேசையில் வையுங்கள்.

கிரான்பெரி சாஸ் பிடிக்கவில்லை, விட்டுவிடலாமா?

விடாதீர்கள், மாற்றுங்கள். 12 அவுன்ஸ் பழத்துக்கு ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், பழம் வெடிக்கும்வரை பத்து நிமிடம் கொதி. அது இவர்கள் முறை. அதே பழத்தை நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்துப் போட்டு, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், உப்பு, கொஞ்சம் வெல்லம் சேர்த்துச் சுருள வதக்கினால் ஊறுகாய். பழத்தின் புளிப்பு மாங்காய்க்குக் குறைந்ததில்லை. பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டி இரண்டு வருடமாக ஒரு பாட்டில் கேட்டு வாங்கிப் போகிறார்.

முழுப் பறவையை எண்ணெயில் பொரிப்பது?

வீட்டுக்குள், கராஜில், மர டெக்கில் கூடவே கூடாது. ஒரு துளி ஐஸ் உள்ளே இருந்தாலும் எண்ணெய் பொங்கி அடுப்பில் விழுந்து தீப்பிடிக்கும். எனக்கு இந்த ஆசை வந்ததில்லை.

மேசையில் வைத்துத்தான் வெட்ட வேண்டுமா?

சினிமாவில் மட்டும். முழுதாகக் கொண்டுபோய்க் காட்டி, படம் எடுக்க விட்டு, மறுபடி அடுப்படிக்குக் கொண்டுவாருங்கள். முதலில் கால், தொடையை மூட்டில் பிரித்தெடுங்கள். பிறகு நெஞ்சை நடு எலும்பின் இருபக்கமும் கத்தியை ஒட்டி இறக்கி முழுத் துண்டாகவே கழற்றி, பலகையில் வைத்துக் குறுக்கே வெட்டுங்கள். பறவையின் மேலேயே சீவினால் நார்நாராக வரும். தட்டில் அடுக்கி, சூடான சூப்புத் தண்ணீரை இரண்டு கரண்டி மேலே ஊற்றிக் கொண்டுபோனால் ஆறாது, வறளாது.

வான்கோழி சாப்பிட்டால் தூக்கம் வருமாமே?

வான்கோழிக் கறியில் இருக்கும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம்தான் காரணம் என்று சொல்வார்கள். கோழியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கிறது. நான்கு மணிக்கு உருளைக்கிழங்கு, ஸ்டஃபிங், பை எல்லாம் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்தால் தூக்கம் வராமல் என்ன செய்யும்?

மிச்சக் கறியை என்ன செய்வது?

மேசைக்கு வந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். எலும்போடு முழுதாக வைக்காதீர்கள், கறியைப் பிய்த்து, ஆழமில்லாத டப்பாக்களில் பரப்பி வைத்தால் சீக்கிரம் குளிரும். மூன்று நான்கு நாள் வரை சாப்பிடலாம், அதற்கு மேல் என்றால் ஃபிரீசர்.

எலும்புக்கூட்டை அன்றிரவே பெரிய குண்டானில் போட்டு, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு சிறு தீயில் மூன்று மணி நேரம் விடுங்கள். மறுநாள் அதில் தக்காளி கரைத்து, கறிவேப்பிலை தாளித்தால் எலும்பு ரசம். பிரியாணி செய்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: கறி ஏற்கெனவே வெந்தது, மசாலாவோடு கொதிக்க விட்டால் நாராகிவிடும். அரிசி முக்கால் வெந்து தம் போடும்போதுதான் சேர்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் வெள்ளி இரவு கொத்து பரோட்டா. ஃபிரீசரில் கிடக்கும் பரோட்டா ஆறு எடுத்துச் சுட்டுப் பிய்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், முட்டை, பொடியாக நறுக்கிய கால் கறி, மிச்சமான கிரேவி ஒரு கரண்டி. இரும்புத் தவாவும் இரண்டு டம்ளரும் இருந்தால் போதும், கொத்துகிற சத்தத்துக்குப் பிள்ளைகள் மாடியிலிருந்து தாமாக இறங்கி வருவார்கள். கையை வைத்து வான்கோழி வரைந்தவளுக்கு இப்போது பதினாறு வயது. வியாழக்கிழமை இரண்டு துண்டோடு எழுந்துவிடுகிறவள், வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டாவது தடவை போட்டுக்கொள்கிறாள்.